மாதம் தவறாமல் வரும் வயிற்றுநோ

பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளை. காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போதே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுகிறாள். ரீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அம்மம்மா ஓமம் அவித்துக் கொடுக்கிறார். மூன்று நாளில் நோ தணிந்துவிட, “வாய்வுதான்” என்று வீடு ஆறிவிடுகிறது. அடுத்த மாதம் திரும்ப வருகிறது. இந்த முறை பூச்சி மருந்து. அதற்கடுத்த மாதம் ஓ.பி.டி.யில் காஸ்ட்ரைட்டிஸ் குளிசை. நாலாம் மாதம் கண்ணூறு கழித்து நூல் கட்டியாகிறது. ஐந்தாம் மாதம் பிள்ளைக்குச் சலம் போகவில்லை. இரவோடு இரவாக ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

ஒவ்வொரு முறையும் நோவுக்கு மருந்து தேடியிருக்கிறார்கள். நோ வந்த திகதிகளை மட்டும் யாரும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கவில்லை.

வன்னியில் மகளிர் வாட்டில் தாதியாக வேலை செய்த காலத்தில் இப்படி வந்த பிள்ளைகள் சிலரைப் பார்த்திருக்கிறேன். இது அடிக்கடி காணும் வருத்தம் அல்ல. பிறப்பிலேயே கருப்பையோ அதன் வழியோ வேறு விதமாக அமைந்துவிடுவதால் வருவது. ஆனாலும் எழுத நினைத்தேன், ஏனென்றால் இதில் பல வகைகளுக்கு வைத்தியம் இருக்கிறது, சிலவற்றுக்கு மிகச் சின்ன வைத்தியம். நேரம் போகப் போகத்தான் இது பெரிய வருத்தமாகிறது.

இரணைமடுவை நினைத்துக்கொள்ளுங்கள்

கருப்பை எப்படி உருவாகிறது என்று வன்னிச் சனத்துக்குச் சொல்ல எனக்குக் கையோடு ஓர் உவமை கிடைக்கிறது. இரணைப் பிள்ளைகள் என்று சொல்கிறோம் அல்லவா, அந்த ‘இரணை’தான் இரணைமடுவிலும் இருக்கிறது. இரண்டு மடுக்கள் சேர்ந்த ஒரு குளம். பெண்ணின் கருப்பையும் அப்படித்தான், முதலில் இரண்டாக இருந்து பிறகு ஒன்றாவது.

தாயின் வயிற்றில் கரு 6 கிழமை அளவில் இருக்கும்போது இரண்டு மெல்லிய குழாய்கள் வலமும் இடமுமாகத் தோன்றுகின்றன. 1830 இல் இவற்றை விவரித்தவர் ஜொஹனஸ் முல்லர் என்ற ஜேர்மன் உடற்கூற்று அறிஞர். அவர் பெயரால் இன்றைக்கும் முல்லரின் குழாய்கள் என்கிறார்கள். அடுத்த சில கிழமைகளில் இவற்றின் மேற்பாதி தனித்தனியே நின்று இரண்டு பலோப்பியன் குழாய்களாகிறது. கீழ்ப்பாதிகள் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் நடுவே ஒரு சுவர் நிற்கும், அதுவும் பிறகு கரைந்துவிடும். அப்படித்தான் ஒரே கருப்பை, ஒரே கருப்பைக் கழுத்து, யோனியின் மேற்பகுதி எல்லாம் அமைகின்றன. யோனியின் கீழ்ப்பகுதி கீழேயிருந்து மேல்நோக்கி வளரும் வேறோர் இழையத்தால் ஆனது. இரண்டும் சந்திக்கிற இடம் முதலில் திண்மமாக அடைபட்டிருக்கும், பிறகு உள்ளே குடைபட்டு வழியாகும். கடைசியாக, வாசலில் இருக்கிற மெல்லிய சவ்வில், பிள்ளை பிறப்பதை அண்டிய நாட்களில் துவாரம் விழுகிறது. அந்தச் சவ்வைத்தான் கன்னிச்சவ்வு என்கிறோம்.

இவ்வளவு வேலையில் எங்காவது ஒன்று குறைந்துபோகலாம். இரண்டு குழாயும் சேராமல் நின்றுவிடலாம். சேர்ந்தும் நடுச்சுவர் கரையாமல் விடலாம். ஒரு பக்கம் மட்டும் அரைகுறையாக வளரலாம். கீழே வழி திறக்காமலே போகலாம். பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் ஏதோ ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது தெரியவே வராது. கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்று வாழ்ந்து முடித்துவிடுவார்கள். நோவைக் கொண்டு வருவது அடைப்பு உள்ள வகைகள் மட்டும்தான்.

சூலகங்கள் இந்தக் குழாய்களிலிருந்து உருவாவதில்லை, அவை வேறு இடத்தில் தோன்றுபவை. அதனால் கீழே வழி அடைபட்ட பிள்ளைக்கும் சூலகம் நன்றாக வேலை செய்யும். ஓமோன் சுரக்கும், மார்பு வளரும், உயரம் ஏறும், முகத்தில் பரு வரும். பார்க்கிறவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை கருப்பையின் உட்படை உரிந்து இரத்தமும் வரும். வந்த இரத்தம் போவதற்குத்தான் வழி இல்லை.

ஒரு மாதவிடாயில் வெளியேறும் இரத்தம் பொதுவாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு. முதல் மாதங்களில் அது உள்ளே தேங்குவது பிள்ளைக்கே தெரியாமல் இருக்கலாம். யோனி நன்றாக விரியக்கூடிய உறுப்பு, பை மாதிரித் தாங்கிக்கொள்ளும். மாதங்கள் போகப் போக இரத்தம் கறுத்து, பனம்பாணி போலத் தடித்துப்போகிறது. பை பெருத்து முன்னால் சலப்பையை அமத்தும், பின்னால் மலக்குடலை அமத்தும். அதனால்தான் சிலருக்குச் சலம் அடைத்துக்கொள்கிறது, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு நாரிநோ. இன்னும் விட்டால் கருப்பை வீங்கி, இரத்தம் பலோப்பியன் குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள்ளேயே கசியும். அந்தக் கசிவு குழாய்களைக் கெடுக்கலாம், கருப்பைக்கு வெளியே உட்படை ஒட்டி வளர்கிற வருத்தத்தையும் உண்டாக்கலாம்.

வாசல் மட்டும் அடைபட்டால்

அடைப்பு வகைகளில் அதிகம் காணப்படுவது கன்னிச்சவ்வில் துவாரம் விழாமல் போவது. ஆயிரம் இரண்டாயிரம் பெண்பிள்ளைகளில் ஒருவருக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். பிள்ளை ‘பெரிசாகவில்லை’, ஆனால் மாதா மாதம் மூன்று நாலு நாள் அடிவயிறு நோகிறது. இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். வெளியே பார்த்தாலே பல வேளைகளில் தெரிந்துவிடும். வாசலில் நீலம் பூத்த மாதிரி ஒரு சவ்வு பிதுங்கி நிற்கும். கைவிட்டுப் பார்க்கத் தேவையில்லை.

வைத்தியம் சின்னச் சத்திரசிகிச்சை. மயக்கம் கொடுத்து, சவ்வை வெட்டித் திறந்து, திரும்ப ஒட்டிக்கொள்ளாதபடி ஓரத்தைத் தைத்துவிடுவார்கள். தேங்கி நின்றது தானாக வடியும், சில நாட்களுக்கு மண்ணிறமாக வந்துகொண்டிருக்கும். பிள்ளை ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். பிறகு மாதவிடாய் வழமைபோல வரும், பிள்ளைப் பேற்றுக்கும் தடை இல்லை. ஒன்றை மட்டும் செய்யக்கூடாது: ‘கொஞ்சம் குத்தி எடுத்துவிடுவோம்’ என்று ஊசியால் உறிஞ்சி எடுப்பது. தடித்த இரத்தம் முழுதாக வராது, ஊசி போன வழியால் கிருமி போய்ச் சீழ் பிடிக்கும்.

இதைச் சொல்லும்போது தாய்மாரின் முகத்தில் ஒரு பயம் வந்து நிற்கும். சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், சிலர் கேட்காமலே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். “வெட்டினால் பிள்ளையின்ரை வாழ்க்கை என்னாகும்? நாளைக்கு ஒருத்தன் ஏதும் கேட்டால்?” அந்தப் பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை, ஊர் எப்படிக் கதைக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சவ்வில் பிறக்கும்போதே துவாரம் இருக்கிறது. இருக்கவேண்டிய துவாரத்தைத்தான் டொக்டர் உண்டாக்கிக் கொடுக்கிறார். இதில் பிள்ளையிடமிருந்து எதுவும் போவதில்லை. செய்தது என்ன, ஏன் செய்தது என்று நோய் நிர்ணய அட்டையில் எழுதித் தருவார்கள், அதைக் கவனமாக வைத்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய கொடுமை இன்னொன்று. பெரிசாகாத பிள்ளை, ஆனால் அடிவயிறு மேடு தட்டியிருக்கிறது. அயலில் குசுகுசுப்புத் தொடங்கிவிடும். தாய்கூடச் சந்தேகப்பட்டு அடித்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். வயிற்றுக்குள் இருந்தது ஏழெட்டு மாத மாதவிடாய். ஸ்கான் முடிந்ததும் அந்தத் தாய் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மாதவிடாய் வந்தாலும் வழி அடைபட்டிருக்கலாம்

ஏமாற்றுகிற வகை இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரணைமடுவின் இரண்டு மடுவும் சேராமலே நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு இரண்டு கருப்பைகள், அவற்றுக்குக் கீழே யோனியின் நடுவே நெடுக ஒரு சுவர். ஒரு பக்கம் வெளியே திறந்திருக்கிறது. மற்றப் பக்கம் சுவர் குறுக்கே வளைந்து அடைத்துவிட்டது. இப்போது என்ன நடக்கும்? திறந்த பக்கத்தால் மாதவிடாய் ஒழுங்காக வரும். வீட்டில் சாமத்தியவீடும் செய்து, உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து முடிந்திருக்கும். அடைபட்ட பக்கத்தில் இரத்தம் சேர்ந்துகொண்டே போகும்.

பிள்ளை “நோகுது” என்பாள். “எல்லாருக்கும்தான் நோகும், எங்களுக்கும் நொந்ததுதானே” என்று பதில் வரும். சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்களும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அந்த ஒரு வசனத்தால் ஒரு வருடம், இரண்டு வருடம் பறிபோன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த அமைப்பில் அடைபட்ட அதே பக்கத்துச் சிறுநீரகம் பெரும்பாலும் இருக்காது. கருவில் சிறுநீரகத்தை உருவாக்கும் குழாய் முல்லரின் குழாய்க்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அங்கே ஒன்றில் பிழை வந்தால் அடுத்ததிலும் பிழை வரலாம். பிள்ளை சின்ன வயதில் வேறு எதற்கோ ஸ்கான் செய்து “ஒரு கிட்னி காணவில்லை” என்று யாராவது எழுதியிருந்தால், அவள் பூப்பெய்தும் வயதில் அந்தத் துண்டைத் தூசி தட்டி எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள். நேர்மாறாகவும் அப்படியே: கருப்பையில் இப்படி ஒரு மாற்றம் கண்டால் சிறுநீரகத்தையும் ஸ்கான் செய்து பார்க்க வேண்டும்.

வன்னியில் இது சும்மா விடுகிற விசயம் இல்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை வாட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கிற பிள்ளை அதை அறிந்து வாழ வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பிறஷரும் சலமும் பார்க்க வேண்டும், பாமசியில் தானாக நோக்குளிசை வாங்கி மாதக் கணக்கில் போடக்கூடாது.

இந்த அடைப்புக்கு வைத்தியம் நடுச்சுவரை வெட்டி எடுப்பது. இரண்டு கருப்பையும் அப்படியே இருக்கலாம். பின்னாளில் பிள்ளை பெறலாம். குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்புக் கொஞ்சம் கூட என்பதால், கர்ப்பம் தங்கியதும் கிளினிக்கில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு வகை, ஒரு பக்கக் கருப்பை முழுதாக வளர்ந்து மற்றப் பக்கம் சின்னக் கொம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது. அந்தக் கொம்புக்குள் உட்படை இருந்து, வெளியேற வழி இல்லாவிட்டால் அங்கேயும் இரத்தம் சேரும். இதிலும் மாதவிடாய் வரும், நோ ஒரு பக்கமாகவே இருக்கும். அந்தக் கொம்பை எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் விட்டு, பிறகு அதற்குள் கர்ப்பம் தங்கினால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

யோனியின் நடுவில் குறுக்குச் சுவர் நிற்பது, கருப்பைக் கழுத்தே இல்லாமல் போவது போன்றவை இன்னும் அபூர்வம். இவற்றுக்கான சத்திரசிகிச்சை கடினமானது, பழகிய கைகள் வேண்டும். அதுவரை ஓமோன் குளிசையால் மாதவிடாயை நிறுத்திவைத்து, நோவைத் தணித்து, நிதானமாகத் திட்டமிடலாம். அவசரப்பட்டு ஒரு தடவை பிழையாக வெட்டினால் தழும்பு விழுந்து திரும்ப அடைத்துக்கொள்ளும். கருப்பையே வளராமல் பிறக்கிற பிள்ளைகளும் 4,500 – 5,000 பேரில் ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொதுவாக மாதவிடாயும் இல்லை, நோவும் இல்லை. எஞ்சிய துண்டில் உட்படை இருந்தால் மட்டும் நோ வரும். அவர்களுக்கு வைத்தியத்தை விட ஆறுதலான கதைதான் முதலில் தேவை.

எது வழமை, எது வழமை அல்ல

மாதவிடாய் நோ எல்லாமே அடைப்பு அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவது வழமையான நோதான். முதல் நாள், இரண்டாம் நாள் இருக்கும், சூட்டு ஒத்தடத்துக்கும் நோக்குளிசைக்கும் தணியும், அடுத்த நாள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுவாள். அடைப்பு நோ அப்படித் தணிந்து போவதில்லை, மாதா மாதம் ஏறிக்கொண்டு போகும். முதல் மாதவிடாயிலிருந்தே கடுமையாக இருக்கும், அல்லது ஒரு வருடத்துக்குள் கடுமையாகிவிடும். சிலருக்கு ஒரே பக்கமாக நிற்கும். மாதவிடாய் நின்ற பிறகும் விடாமல் இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு இடையில் மண்ணிறமாகக் கசிந்து மணக்கும், அது சின்னத் துவாரத்தால் ஒழுகுகிற பழைய இரத்தமாக இருக்கலாம்.

15 வயது ஆகியும் பெரிசாகாத பிள்ளையை, அல்லது மார்பு வளரத் தொடங்கி 3 வருடம் கடந்தும் பெரிசாகாத பிள்ளையை, நோ இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். நோ இருந்தால் 15 வரை பார்த்துக்கொண்டு இருக்கவே வேண்டாம். சலம் போகாவிட்டால், காய்ச்சலோடு வயிறு நொந்தால், சத்தி எடுத்து மயங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. பெண்குழந்தை பிறந்ததும் தலை முதல் கால் வரை பார்க்கும்போது வாசல் திறந்திருக்கிறதா என்றும் பார்ப்பது வழக்கம். 2009 இன் முதல் மாதங்களில் பதுங்குகுழிக்குள்ளும், பிறகு செட்டிகுளம் முகாம்களிலும் பிறந்த பிள்ளைகளை அப்படி நின்று நிதானமாகப் பார்க்க யாருக்கு வாய்த்தது? உயிரோடு எடுத்ததே பெரிது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி நோகிறது என்று சொன்னால் காது கொடுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

பிள்ளைகள் வரப் பயப்படுவது உள்ளே ஏதோ செய்வார்கள் என்றுதான். பூப்பெய்தும் வயதுப் பிள்ளைக்கு வயிற்றின் மேலால்தான் ஸ்கான் செய்வார்கள். நிறையத் தண்ணீர் குடித்து, சலத்தை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். சலப்பை நிறைந்திருந்தால்தான் பின்னால் இருக்கிற கருப்பை தெளிவாகத் தெரியும். வெளியே பார்ப்பதற்கும் பிள்ளையின் சம்மதம் கேட்க வேண்டும், அம்மாவோ பெண் தாதியோ பக்கத்தில் நிற்க வேண்டும். அது உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள். ஸ்கானில் சிக்கலாகத் தெரிந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். உள்ளே எத்தனை மடு, எந்த வரம்பு எங்கே நிற்கிறது என்று அதில்தான் சரியாகத் தெரியும்.

துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கிறவர்கள் முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம், அல்லது கிட்டிய பிரதேச வைத்தியசாலைக்குப் போய்ப் பெண்நோயியல் நிபுணருக்குத் துண்டு கேட்கலாம். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டிய பெண்கள் நலப் பிரிவு 2024 இல் திறக்கப்பட்டிருக்கிறது. அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை, போய்வருகிற பஸ் காசும் ஒருநாள் கூலியும்தான் செலவு. அதுவும் கூலி வேலைக்குப் போகிற தாய்க்குப் பெரிய செலவு என்று தெரியும். அந்த ஒருநாளை வீணாக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது: பிள்ளையின் பழைய கொப்பியில் நோ தொடங்கிய திகதி, முடிந்த திகதி, எந்தப் பக்கம், மாதவிடாய் வந்ததா இல்லையா என்று மூன்று மாதம் எழுதிக்கொண்டு போங்கள். “வயித்துக்குத்து” என்று வாயால் சொன்னால் டொக்டருக்குக் குடல்வளரி, சலக்கிருமி, காஸ்ட்ரைட்டிஸ் என்று பத்து நினைவு வரும். 28, 30 நாளுக்கு ஒருமுறை வரிசையாக நிற்கிற திகதிகளைக் கண்டால் நினைப்பு நேரே அடிவயிற்றுக்குப் போகும்.

இது யாருடைய பிழையும் இல்லை. தாய் கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிட்டதாலோ, கிரகணம் பார்த்ததாலோ வந்தது அல்ல. தாய்க்கே தான் கர்ப்பம் என்று சரியாகத் தெரியவராத கிழமைகளில் தொடங்கிவிடுகிற வேலை இது.

வாட்டில் ஒரு பிள்ளைக்கு வாசல் திறந்து விட்ட அடுத்த நாள், தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “மிஸ், பிள்ளைக்கு ருதுசாதகம் எழுத வேணும். எந்தத் திகதியைக் குடுக்கிறது? நேற்று இரத்தம் வந்ததையோ?” பிள்ளை எப்போதோ பெரிசாகிவிட்டாள், நேற்று வந்தது பழைய இரத்தம் என்று சொன்னேன். “அப்ப அந்த முதல் நாளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” என்று அவர் திகைத்து நின்றார்.

கட்டிலில் கிடந்த பிள்ளை தலையைத் திருப்பினாள்.

“எனக்குத் தெரியும் அம்மா. போன வருசம் வற்றாப்பளைப் பொங்கல் அண்டைக்கு. நிக்கேலாமல் உங்கடை சீலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்.”